யாழ்ப்பாணத்து உயர்தரப் பாடசாலைகள்



யாழ்ப்பாணத்துக் கல்விச் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் கல்லூரிகள் எழுந்த ஆண்டுகளைக் கூறித் தொடங்குவது வழக்கம். அக்கணக்குப் பெருமைக்குரியதே. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கினர். 1838இல் மெதடிஸ்த மிஷனார் பருத்தித்துறையில் நிறுவிய பாடசாலையே ஹாட்லிக் கல்லூரியாக வளர்ந்தது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை அமைத்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கும், 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கும் கல்லூரிகளை ஏற்படுத்தினார்.

ஆயினும், ஊரிலே கல்லூரி இருப்பது ஒன்று. அஃது ஊரார் அனைவர்க்கும் பொதுவாய் இருப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே இரு தடைகள் நின்றன.

முதலாவது தடை பணம். தாய்மொழிப் பாடசாலையிற் கட்டணமின்றிப் படித்த பிள்ளை, ஆங்கிலம் வழங்கிய உயர்தரப் பாடசாலையிற் சேரப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. உத்தியோகத்துக்கும் சர்வகலாசாலைக்கும் செல்லும் வழியோ அங்கேதான் இருந்தது. 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழு, 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக 1945 ஒக்டோபர் 1ஆந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அரசாங்கப் பாடசாலைகளிலும், திட்டத்திற் சேர்ந்த உதவி நன்கொடைப் பாடசாலைகளிலும் கட்டணம் ஒழிந்தது.

இரண்டாவது தடை சாதி. இதனைச் சொல்ல நாம் கூசுதல் ஆகாது. ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் பல பாடசாலைகளில் அனுமதி பெறவில்லை. அனுமதி பெற்ற இடத்தும் வாங்கில் அமர விடப்படாது தரையில் இருத்தப்பட்டனர். 1929இல் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்க வேண்டுமெனக் கல்விப் பகுதி பணித்தபோது எதிர்ப்பு மூண்டது. பள்ளிக்கூடங்கள் சில தீயிடப்பட்டன. எனினும், சம ஆசனத்துக்காக உழைத்தவர்களும் இம்மண்ணின் மக்களே. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம், சமபந்தி போசனத்தையும் சம ஆசனத்தையும் துணிந்து ஆதரித்தது.

1960ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. யாழ்ப்பாணக் கல்லூரி, புனித பத்திரிசியார் கல்லூரி முதலிய சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தொடர்ந்தன. தம் பொருளையும் உழைப்பையும் ஈந்து பாடசாலை வளர்த்தோர்க்கு அம்மாற்றம் மனவருத்தம் தந்ததை மறுப்பதற்கில்லை.

இச்சரித்திரம் உணர்த்துவது யாது? சட்டம் பணத்தடையை ஒரு நாளில் நீக்கியது. ஆனால் வாங்கிலே இடம் கொடுக்க மனிதர் மனம் இசைய வேண்டியிருந்தது. அதிபராகிய எனக்கு இது பழங்கதையன்று. அனுமதிப் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கும் வேளையில், பரிந்துபேச ஆளில்லாத பெற்றோர் ஒருவர் வாசலில் நிற்பார். அவரிடம் ‘இடமில்லை’ என்று சொல்வது எளிது. பெரியவர் ஒருவரின் கடிதத்துடன் வருபவருக்கும் அதே விடையை நாம் சொல்வோமா என்பதே கேள்வி. அவ்விருவர்க்கும் ஒரே விடை கிடைக்கும் பாடசாலையே பொதுப் பாடசாலை.