பாட்டும் பேண்டேஜ் துணியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"போரை எதிர்த்த பாட்டு" என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். இந்த ராஜபாளையத்தில் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கு என்று நினைக்காதீர்கள். பக்கத்துச் சிவகாசியில் 1886-ல் பிறந்தவர் தியாகி விஸ்வநாத தாஸ். வள்ளி திருமண நாடகத்தில் முருகனாக வருவார். தினைப்புனத்துக் கதையில் கொக்கைக் கொண்டுவந்து, வெள்ளைக்காரனைச் சாடிப் பாடிவிடுவார். 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் ராணுவம் 1,650 ரவுண்டு சுட்டதே, அந்தப் பஞ்சாப் படுகொலையையும் மேடையில் பாடினார். போலீஸ் பிடிக்கும், வெளியே வந்து மறுபடி பாடுவார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்திலேயே மேடையில் உயிர் நீத்தார். திருவில்லிபுத்தூரில் எங்க தாத்தா அந்தக் கொக்குப் பாட்டை முணுமுணுக்காத நாள் கிடையாது.

கல்லூரிக்கு வந்தபோது ஹாஸ்டல் டேப்ரிக்கார்டரில் இன்னொரு பாட்டுக் கேட்டேன். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1963-ல் வெளியிட்ட 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்'. பழைய நாட்டுப்புற மெட்டு. சண்டைக்குப் போகிற சிப்பாயைத் திட்டாமல், ஆயுதம் செய்து லாபம் பார்ப்பவனை நேரே நிறுத்திக் கேட்கிற பாட்டு. பல வருஷம் கழித்து, 2016-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

லீவில் சத்திரப்பட்டிக்குப் போனபோது அப்பாவுக்கு அதன் அர்த்தத்தைப் பெருமையாகச் சொன்னேன். அப்பா தறியில் பேண்டேஜ் துணி நெய்தவர். 1971 டிசம்பர் யுத்தத்தில் எங்களுக்கு ஆர்டர் கூடியது. அக்கா கல்யாணக் கடன் அடைந்தது.

"அப்போ நம்ம தறியும் அதுல சேத்தியாடா?" என்று கேட்டார்.

"நாம காயத்துக்குக் கட்டத்தானேப்பா நெய்யுறோம்."

"காயம் பட்டாத்தானேடா ஆர்டர் வருது."

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. என் காலேஜ் பீஸும் அந்தத் துணியில்தான் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பாட்டை யாரோ அந்நியனைத் திட்டும் பாட்டாக என்னால் கேட்க முடிவதில்லை. எனக்கும் அதில் ஒரு கேள்வி இருக்கிறது.

இளைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பில் சினிமாப் பாட்டு பாடுங்கள், தப்பில்லை. கூடவே தாஸ் ஐயாவின் பாட்டு ஒன்றையும் கற்றுக்கொண்டு வந்து பாடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் வருவேன்.