மட்டக்குதிரை குட்டி போடும் வேளை

பினாங்கில் குதிரை என்றதும் 1864இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய பந்தயக் கழகம் நினைவுக்கு வரும். லாயங்களில் குதிரை பார்த்தவர்களில் நம்மவரும் உண்டு. இன்று நாம் பேசப்போவது பந்தயக் குதிரையல்ல. 34 அங்குலத்தைத் தாண்டாத குட்டை இன மட்டக்குதிரை.

தோட்டத்தில் மாடு வளர்த்துப் பழகிய நாம், கன்று வரச் சற்றுத் தாமதமானால் பொறுத்துப் பார்ப்போம். குதிரையிடம் அந்தப் பொறுமை ஆகாது.

சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். உடம்பு பருத்திருக்கிறதே என்று தீனியைத் திடீரெனக் குறைக்காதீர்கள்; இரத்தத்தில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்தாகும். கடைசி வாரங்களில் மடி பெருக்கும். காம்பு நுனியில் மெழுகுபோல் திரண்டால் வேளை நெருங்கிவிட்டது. பெரும்பாலும் இரவில்தான் ஈனும். மழை ஒழுகாத கொட்டகையில் உலர்ந்த வைக்கோலைத் தாராளமாகப் பரப்பி வையுங்கள். மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பனிக்குடம் உடைந்தபின் அரைமணிக்குள் குட்டி வந்துவிட வேண்டும். கால்மணி முக்கியும் ஒன்றும் தெரியாவிட்டால் வைத்தியரை அழையுங்கள். வெண்ணிறப் பைக்குப் பதிலாகச் சிவந்த பை முதலில் தெரிந்தாலோ, அவர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அப்போதே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும். உள்ளே அதற்கு மூச்சு எட்டாது.

குட்டி 1 மணி நேரத்தில் எழுந்து, 2 மணி நேரத்திற்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நஞ்சு 3 மணி நேரத்தில் விழும். விழாவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், வைத்தியர் வரட்டும்.