அப்பாயியின் ஒப்பாரி கேட்கும் கணக்கு

(யுத்த எதிர்ப்பு தினத்தையொட்டிப் பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



1939 செப்டம்பர் 1 அன்று ஹிட்லரின் சேனை போலந்துக்குள் புகுந்தது. இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்ட அந்த நாளைத் தொழிற்சங்கங்கள் பல நாடுகளிலும் சமாதான தினமாகக் கடைப்பிடித்து வருகின்றன. அந்த நாளை முன்னிட்டு என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பண்டிதன் அல்ல. 34 வருஷம் ஸ்பின்னிங்கில் நின்றவன். எனக்குத் தெரிந்த யுத்தம், எங்கள் வீட்டுக்குள் நுழைந்த யுத்தம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"யுத்தம் எங்கோ நடக்கிறது, அது பட்டாளத்துக்காரன் சமாச்சாரம், கூலிக்காரனுக்கு அதில் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. என் தாத்தா துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் யுத்தம் அவரைத் தின்றது. அதிலும், தின்றதற்குக் கணக்குக்கூட வைக்காமல் தின்றது.

பால்மரக் காட்டில்

நாகப்பட்டினம் பக்கம் ஒரு பண்ணையில் எங்கள் குடும்பம் அடிமைப்பட்டுக் கிடந்தது. தாத்தா தப்பு அடிப்பதில் கெட்டிக்காரர். நடவு, அறுப்பு, சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் கை வேண்டும். ஆனால் கூலி என்று கேட்டால் சவுக்கு. கடனுக்கும் சவுக்குக்கும் பயந்து, அப்பாயியைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். பினாங்கில் இறங்கி ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். கையில் ஒரு துணி மூட்டை. தோளில் அந்தத் தப்பு. என் தகப்பனார் பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில், 1936-ல்.

விடியுமுன் பிரட்டு. கிராணி பேர் கூப்பிடுவார். பிறகு பால்வெட்டு. மரத்தில் வடிவது வெள்ளைப் பால். மனிதனிடமிருந்து வடிந்தது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கேவலத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கை. அதற்குப் பதிலாகப் பட்டாளம் வந்தது. தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் ஜப்பானிய சேனை மலாயாவில் இறங்கியது. எதற்காக? ரப்பருக்காக, ஈயத்துக்காக. ஒரு ஏகாதிபத்தியம் கையில் வைத்திருந்ததை இன்னொரு ஏகாதிபத்தியம் பிடுங்க வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. தப்பிக்க முடிந்த துரைமார்கள் கப்பலேறினார்கள். கூலிக்காரனுக்குக் கப்பல் எங்கே?

மூன்று மாத வேலை

பர்மாவில் நின்ற தன் சேனைக்குத் தளவாடம் அனுப்ப ஜப்பானுக்கு ஒரு ரயில்பாதை தேவைப்பட்டது. தாய்லாந்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். மலை, காடு, ஆறு. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். எப்படி முடித்தார்கள்? 60,000-க்கும் மேற்பட்ட யுத்தக் கைதிகளையும், சுமார் 2 லட்சம் ஆசியக் கூலிகளையும் வைத்து. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

"மூன்று மாத வேலை, நல்ல கூலி, அரிசி உண்டு" என்று சொன்னார்கள். ஆள் போதாமல் போனதும் இலவச சினிமா என்று தப்படித்துக் கூட்டம் சேர்த்தார்கள். வந்தவர்களை வளைத்து லாரியில் ஏற்றினார்கள். என் தாத்தா அப்படித்தான் போனார். கூட்டம் சேர்க்க அன்று தப்படித்தவரும் அவர்தான். அடித்து முடித்த கையோடு அவரையும் ஏற்றிவிட்டார்கள். தப்பு மட்டும் லயத்துக்குத் திரும்பி வந்தது.

1943 மழைக்காலத்தில் அந்தக் காட்டு முகாம்களில் காலரா புகுந்தது. யுத்தக் கைதிகளுக்குள் அவர்களுடைய பட்டாள டாக்டர்களாவது இருந்தார்கள். மருந்தில்லாமலேயே முடிந்த மட்டும் போராடினார்கள். கூலிகளுக்கு டாக்டரும் இல்லை, தலைமையும் இல்லை, செத்தால் பேர் எழுதி வைக்க ஒரு குமாஸ்தாவும் இல்லை. யுத்தக் கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியக் கூலிகளில் மாண்டவர்கள் 80,000 முதல் 1 லட்சம் வரை என்பது மதிப்பீடு. மதிப்பீடுதான், தோழர்களே! கணக்கு அல்ல. 20,000 உயிர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றால் அந்த உயிர்களுக்கு வைத்த மதிப்பு என்ன என்று பாருங்கள்!

காஞ்சனாபுரியில் யுத்தக் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 7,000 கல்லறைகள். வரிசை வரிசையாக, பெரும்பாலானவற்றில் பேரும் வயசும் பொறித்திருக்கிறது. அது நியாயமே. அவர்களும் எங்கோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான். ஆனால் தமிழ்க் கூலிக்கு? 2023 மே 1 அன்று அங்கே ஒரு நடுகல் நாட்டினார்கள். பாதை முடிந்து 80 வருஷம் கழித்து ஒரு கல்! அந்தக் கல்லாவது வந்ததே என்று என் மனம் நிறைந்தது. பார்க்க அப்பாயி இல்லையே என்று நெஞ்சு வலித்தது.

உடல் இல்லாத ஒப்பாரி

யுத்தம் முடிந்தபின் என் தகப்பனாரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாயி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினாள். மலாயாவில் அவள் வந்தேறி. இங்கே ஊருக்கு வந்தால் 'பினாங்குக்காரி'. கணவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல யாருமில்லை. தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா? பொட்டு வைத்தால் ஒரு பேச்சு. வைக்காவிட்டால் ஒரு பேச்சு. சாவுக்கு உடல் வேண்டும், நாள் வேண்டும். யுத்தம் அவளுக்கு இரண்டையும் கொடுக்கவில்லை.

கடைசியில் ஆடி அமாவாசையைத் தானே நாளாக வைத்துக்கொண்டாள். அன்று நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போவாள். கப்பலேறிய திசையைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள். சின்னப் பிள்ளையில் நானும் கூடப் போயிருக்கிறேன். அந்தப் பாட்டில் அழுகை மட்டும் இருக்காது, கேள்வி இருக்கும். எந்த மலையில் போட்டாய், எந்த ஆற்றில் விட்டாய், யார் கைப்பிடி மண் போட்டார்கள், கூலிப் பாக்கியை யாரிடம் கேட்பது என்று வரிசையாகக் கேட்பாள். கூடப் போன ஆட்களின் பேரையும் லயத்து வரிசைப்படி ஒன்று விடாமல் சொல்லுவாள். கிராணியின் பிரட்டுப் புத்தகம் எங்கே போயிற்றோ. அவள் பாட்டில் அந்தப் பிரட்டு அப்படியே இருந்தது.

முதலில் தனியாகத்தான் பாடினாளாம். பிறகு நடவு வயலில் ஒருநாள் அவள் அந்த ராகத்தை எடுத்தபோது, வரிசையில் நின்ற பெண்கள் குனிந்தபடியே பின்பாட்டு வாங்கினார்கள். அவர்களில் யாரும் பினாங்கைப் பார்த்தவர்கள் இல்லை. ஆனாலும் அவள் சொன்ன பேர்களைத் திருப்பிச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளைப் பினாங்குக்காரி என்று யாரும் கூப்பிடவில்லை என்று அப்பா சொல்லுவார். சொந்த ஊர் எது என்று என்னைக் கேட்டால் நான் பட்டாவைக் காட்டமாட்டேன். எங்களுக்குப் பட்டா இருந்ததும் இல்லை. நம் துக்கத்தைப் பின்பாட்டாக வாங்க ஆள் இருக்கிற இடம் எதுவோ அதுதான் சொந்த ஊர்.

சீட்டியடித்த சினிமா

அந்த ரயில்பாதையை வைத்து 1957-ல் ஒரு இங்கிலீஷ் படம் வந்தது: 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. எடுத்தது நம் பக்கத்து இலங்கையில், கித்துல்கலையில். ஏழு ஆஸ்கார் பரிசுகள் வாங்கிய படம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சீட்டியடித்துக்கொண்டே அணிவகுத்து வருவார்கள். அந்த மெட்டு 1914-ல் போட்ட ஒரு பட்டாள மெட்டு. இந்தப் படத்தால் உலகம் முழுக்கப் பரவியது.

இலவச சினிமாவில் புருஷனைப் பறிகொடுத்தவள் ஆனதால் அப்பாயி கொட்டகைப் பக்கமே போகமாட்டாள். அந்தப் படம் கோவையில் மறுபடி ஓடியபோது, தாத்தா வேலை செய்த பாதை என்று சொல்லி அப்பா வற்புறுத்தி அழைத்துப் போனார். நானும் போனேன். கண் கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏண்டா தம்பி, நம்ம சனத்த ஒருத்தரையும் காணுமே?"

யாரால் பதில் சொல்ல முடியும்? நான் இசையை விரோதிப்பவன் அல்ல. அந்த மெட்டு நல்ல மெட்டுத்தான். ஆனால் யுத்தத்தின் இசை எப்போதும் அணிவகுப்பு இசையாகவே நம் காதில் விழுகிறது. கேட்டால் கால் தானாகத் தாளம் போடுகிறது. யுத்தத்தின் முழுப் பாட்டும் அது அல்ல. அணிவகுப்பு போன பிறகு வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டு ஒப்பாரி. அதை எந்த பாண்டு வாத்தியமும் வாசிப்பதில்லை.

ஒரு கைநாட்டு

1950-ல் அணுகுண்டைத் தடைசெய்யக் கோரும் ஸ்டாக்ஹோம் விண்ணப்பத்துக்கு உலகெங்கும் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் தெருவுக்கும் இரண்டு வாலிபர்கள் வந்தார்கள். அப்போது தெருக்காரர் ஒருவர் அப்பாயியிடம் கேட்டார்: "அந்தக் குண்டு விழுந்துதானே ஜப்பான்காரன் அடங்கினான்? உன் புருஷனக் கொன்னவன் மேல விழுந்த குண்டு. அதுக்கு எதுக்க நீ ஏன் கை வைக்கணும்?"

அந்தக் கேள்வி லேசானதல்ல. அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு சொன்னாளாம்: "குண்டு விழுந்த ஊர்லயும் வெடிய முன்னாடி வேலைக்கிப் போறவ இருந்திருப்பா. அவ புருஷனுக்கும் நாள் தெரிஞ்சிருக்காது. கொண்டா மையி."

கட்டை விரலை அழுத்தி வைத்தாள். அதுவரை அவள் வைத்த கைநாட்டெல்லாம் பண்ணைக் கடனுக்கும் தோட்டத்து ஒப்பந்தத்துக்கும் வைத்தவை. தன் மனசாட்சிக்கு அவள் வைத்த முதல் கைநாட்டு அதுதான். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வெந்தவர்கள் ரயில்பாதை போட உத்தரவிட்ட தளபதிகள் அல்ல என்பதை, எழுத்தறியாத ஒரு நடவாள் யாரும் சொல்லிக் கொடுக்காமல் புரிந்துகொண்டாள்.

இன்றும் அதே கங்காணி

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். உதவியாள் வேலை, நல்ல சம்பளம் என்று ஆசைகாட்டி ஏஜெண்டுகள் நம் நாட்டு வாலிபர்களை ரஷ்யாவுக்கு அழைத்துப்போய் உக்ரைன் யுத்தமுனையில் நிறுத்தினார்கள். அவர்களில் சிலர் பிணமாகத் திரும்பியதை 2024-ல் பார்த்தோம். அதே வருஷம் மார்ச்சில், இஸ்ரேலில் விவசாயக் கூலியாக இருந்த கேரளத் தொழிலாளி ஒருவர் எல்லையோரப் பண்ணையில் ஏவுகணை விழுந்து மாண்டார். காஸாவில் குழந்தைகளின் பேரை உள்ளங்கையிலும் காலிலும் பெற்றோர் எழுதி வைத்தார்கள். செத்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்று! பேரில்லாமல் சாகக் கூடாது என்ற அந்தத் தவிப்பு என் அப்பாயிக்குத் தெரிந்த தவிப்பு.

2024-ல் உலக நாடுகள் ராணுவத்துக்குக் கொட்டிய பணம் சுமார் 2,70,000 கோடி டாலர். இதை உற்பத்தி செய்தவர்கள் யார்? வயலிலும் ஆலையிலும் நிற்பவர்கள். செலவு செய்யும்போது அவர்களைக் கேட்டார்களா?

யுத்தம் முடிந்தபின் பிரிட்டிஷார் அந்த ரயில்பாதையைத் தாய்லாந்து அரசுக்கு விலைக்கு விற்றார்கள். தண்டவாளத்துக்கு விலை கிடைத்தது. தண்டவாளத்தின் கீழே கிடந்தவனுக்கு விலை இல்லை. யுத்தத்தின் முழுப் பொருளாதாரமும் இதற்குள் அடங்கிவிட்டது.

ஆகவே, தோழர்களே, நான் உங்களிடம் கேட்பது மூன்று. வெளிநாட்டு வேலை என்று ஏஜெண்டு வந்தால், எந்த ஊர், யாருக்கு வேலை, அங்கே யுத்தம் உண்டா என்று சங்கத்தில் வந்து கேளுங்கள். தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மலாயா, பர்மா, இலங்கை போய்த் திரும்பாதவர்களின் பேரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்குத் தெரிந்த பாட்டுகளையும் எழுதுங்கள். பக்கத்து நாட்டு ஜனங்கள்மீது துவேஷத்தை மூட்டி யாராவது முரசு கொட்டினால், அந்தத் தாளத்துக்குக் கால் அசையுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஊர்வலத்தில் போகப் போகிறவன் யார் வீட்டுப் பிள்ளை?

கூலிக்குக் கணக்குக் கேட்கக் கற்ற நாம், உயிருக்கும் கணக்குக் கேட்போம்!

யுத்தம் ஒழிக! சமாதானம் ஓங்குக! உலகத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!