ஒட்டுச்சொல் செய்யும் வேலை



வெளி மாநிலத்தில் வாழும் நம்மைப் புதிதாகச் சந்திப்பவர் பலர், 'எங்கே புட் அப் ஆகியிருக்கிறீர்கள்?' என்று வினவுவர். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். 'புட்' என்றால் வை. 'அப்' என்றால் மேலே. மேலே வைப்பதற்கும் தங்குவதற்கும் என்ன உறவு? தனித்தனியே பிரித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. இரண்டும் கூடும்போது மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கிறது.

அப்பொருளும் ஒன்றன்று. சுவரைப் 'புட் அப்' செய்தால் எழுப்புதல்; தேர்தலில் வேட்பாளரைச் செய்தால் நிறுத்துதல்; பின்னால் 'வித்' சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுதல். கோப்பின் ஓரத்தில் மேலதிகாரி இவ்விரு சொற்களை எழுதினால், 'என் பார்வைக்கு வைக்க' என்பது கட்டளை. 'அப்' போய் 'ஆஃப்' வந்தாலோ, ஒத்திவைத்தல் என்றாகிவிடும்.

இவ்வேறுபாட்டை நான் கற்றது ஒரு பிழையினால். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு முதியவரின் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கான மறுமொழியைத் தமிழாக்கினேன். விண்ணப்பம் மேலதிகாரியின் பார்வைக்குப் 'புட் அப்' செய்யப்பட்டுள்ளது என்பது மூலம். அவசரத்தில் என் கண் 'ஆஃப்' என்று படித்தது. கை 'ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்று எழுதியது. சில நாட்களுக்குப்பின், கடிதமும் கையுமாக அவர் அலுவலக வாயிலில் நின்றார். நம்பிக்கையிழந்து ஊருக்கே திரும்ப முடிவு செய்திருந்தார். மூலத்தைப் படித்துக் காட்டி மன்னிப்பு வேண்டினேன். 'இரண்டு எழுத்துத்தானே, தம்பி' என்றார். அந்த இரண்டு எழுத்து அவருடைய உறக்கத்தைப் பறித்திருந்தது என்பதை அவர் முகமே சொல்லிற்று.

ஆங்கிலத்தின் மீது மட்டும் குறை கூறுவதற்கில்லை. நம் 'கொள்' என்ற வினையைப் பாருங்கள். மேற்கொள்ளுதல், எதிர்கொள்ளுதல், உட்கொள்ளுதல், கைக்கொள்ளுதல் என முன்னே நிற்கும் சொல் மாற மாறப் பொருளும் மாறுகிறது. பயணம் மேற்கொண்டார் என்று படிக்கும் நம் குழந்தை, எதை மேலே எடுத்துக்கொண்டார் என்று கேட்டால் நகைக்கலாகாது. பள்ளியில் தமிழ் பயிலாத அக்குழந்தைக்கு, நமக்குப் 'புட் அப்' எப்படியோ, அப்படியே 'மேற்கொள்' என்பதும்.

ஆகவே, எம்மொழியாயினும் இத்தகைய தொடர்களைத் தனிச் சொல்லாக அன்றி, வாக்கியத்தோடு சேர்த்தே கற்போம். குழந்தைகளுக்கும் அவ்வாறே கற்பிப்போம். ஐயம் தோன்றினால் மூலத்தை மற்றொரு முறை பார்ப்போம். அக்கடிதத்தை எதிர்பார்த்து எங்கோ ஒருவர் காத்திருக்கிறார்.