பூச்சிநாசினி பயனற்றுப்போவது ஏன்?



சென்ற போகத்தில் நன்கு பயனளித்த பூச்சிநாசினி இப்போகத்திற் பயனளியாது போவதை நீங்கள் கண்டிருக்கலாம். பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது எனப் பலர் கூறுவர். ஆயின் தனியொரு பூச்சி அவ்வாற்றலைப் பழகிப் பெறுவதில்லை.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் ஒரே சாயலாய் இருப்பதில்லை. அவ்வாறே ஒரு வயலிலுள்ள கபில நிறத் தத்திகளும் பரம்பரை இயல்பில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. அவற்றுள் மிகச் சில, ஒரு நஞ்சைத் தாங்கும் இயல்பைப் பிறப்பிலேயே பெற்றிருத்தல் கூடும். அந்நஞ்சைத் தெளித்தால் ஏனையவை மடிய, அச்சிலவே எஞ்சி இனம் பெருக்கும். நீங்கள் விதைநெல்லைத் தெரிந்தெடுப்பது போல, நஞ்சும் அடுத்த தலைமுறைக்குரிய பெற்றோரைத் தெரிந்தெடுக்கின்றது. தத்தியின் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதமே செல்லுமாதலால் இம்மாற்றம் விரைந்து நிகழும்.

மரக்கறிச் செய்கையிலும் இதுவே நிகழ்கின்றது. கோவாவைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி டி.டி.ரி. நஞ்சைத் தாங்கியமை, ஜாவாத் தீவிலிருந்து 1953 ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது.

நாம் விதைக்கும் நெல்லினமும் பூச்சிக்கு ஒரு சூழலே. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், தத்தியை எதிர்க்கும் ஐ.ஆர். 26 என்னும் இனத்தை 1973 இல் வெளியிட்டது. அவ்வோரினமே பரந்த நிலப்பரப்பிற் செய்கைபண்ணப்பட, சில ஆண்டுகளுள் அதனையும் உண்டு வாழும் தத்திகள் பெருகின. 1976 இல் வேறோர் எதிர்ப்பியல்பு கொண்ட ஐ.ஆர். 36 வெளியிடப்பட்டது. மற்றுமோர் எதிர்ப்பியல்பு நம் நாட்டின் பழைய நெல்லினமாகிய ரத்து ஹீனட்டியிலே கண்டறியப்பட்டது. பழைய இனங்களைப் பேணுவதன் பயன் இதனாற் புலனாகும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. நெற்பயிரின் அடியைப் பார்த்து, தத்திகள் பெருகியிருந்தால் மட்டும் நாசினி தெளியுங்கள். வீணாகத் தெளித்தால் தத்தியை உண்ணும் சிலந்திகளும் மடியும்.

2. ஒரே வகை நாசினியைத் தொடர்ந்து பாவியாதீர்கள். வியாபாரப் பெயர் வேறாயினும் நஞ்சு ஒன்றாயிருக்கலாம். சுட்டுத்துண்டைக் கவனித்து வாங்குங்கள்.

3. பயன் குறைந்தவிடத்து அளவைக் கூட்டாதீர்கள். தாங்கும் பூச்சிகளே மேலும் எஞ்சும், பணமும் வீணாகும்.

4. யூரியாவை அளவுக்கு மேல் இடாதீர்கள். அது தத்தி பெருக உதவும்.

5. ஊர் முழுவதும் ஓரினத்தையே ஆண்டுதோறும் விதையாது, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி இனங்களை மாற்றுங்கள்.

அயல்வயற் பூச்சி உங்கள் வயலுக்கும் வருமாதலால், இவற்றை அயலவரோடு கலந்து பேசி ஒருமித்துச் செய்வதே நன்று.