கலைக்கூடத்தில் இடம் மறுக்கப்பட்ட உண்மை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கலையும் சமுதாயமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். அது கடல் போன்ற பொருள். அதில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அரசியல் பேசும் கலைக்கு அருங்காட்சியகங்கள் எப்போது கதவடைக்கின்றன? எதனால் அடைக்கின்றன?

தணிக்கை என்றவுடன் அரசாங்கத்தின் கைதான் நம் நினைவுக்கு வரும். 1937-ஆம் ஆண்டு மியூனிக் நகரில் ஹிட்லரின் ஆட்சி, ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த ஏறத்தாழ 650 படைப்புகளைச் "சீரழிந்த கலை" என்று பெயரிட்டு, மக்கள் எள்ளி நகையாடுவதற்காகவே காட்சிக்கு வைத்தது. அது வெளிப்படையான கொடுமை. ஆனால் சுதந்திரம் பேசும் நாடுகளில், காவலரும் ஆணையும் இன்றி, கண்ணியமான கடிதம் ஒன்றின் வாயிலாகவே நடைபெறும் தணிக்கையும் உண்டு. அதற்கு ஒரு சான்றை உங்கள் முன் வைக்கிறேன்.

ஹான்ஸ் ஹாக்கே என்பவர் 1936-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த கலைஞர். 1971-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், அந்நகரின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருடைய தனிக் கண்காட்சி நடைபெறவிருந்தது. அதற்கென அவர் உருவாக்கிய படைப்புகளுள் ஒன்றில் வண்ணமும் இல்லை, தூரிகையும் இல்லை. 142 கட்டடங்கள், காலி மனைகள் ஆகியவற்றின் புகைப்படங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் தட்டச்சு செய்த ஒரு தாள். முகவரி என்ன? உரிமை எந்த நிறுவனத்தின் பெயரில் உள்ளது? எப்போது வாங்கப்பட்டது? அடமானம் எவ்வளவு? வரி மதிப்பு எவ்வளவு? இவையே அத்தாள்களில் இருந்த செய்திகள். அனைத்தும் எவரும் சென்று பார்க்கக்கூடிய அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. கட்டடங்களுள் பெரும்பாலானவை, கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமிலும், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியிலும் இருந்தவை. பல்வேறு நிறுவனங்களின் பெயர்களுக்குப் பின்னால் ஒரே குழுவினர் நின்றதை அப்பட்டியல் தானாகவே காட்டிற்று. கலைஞர் ஒரு வசைச்சொல்லும் எழுதவில்லை. ஒரு கண்ணீர்த் துளியும் வரையவில்லை.

இயக்குநர் தாமஸ் மெஸ்ஸர் இப்படைப்பை ஏற்க மறுத்தார். இதனுடன் மற்றொரு சொத்துப் பட்டியலையும், பார்வையாளர்களிடம் கேள்வி கேட்டுக் கணக்கெடுக்கும் ஒரு படைப்பையும் ஏற்க மறுத்தார். திறப்புக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் கண்காட்சி முழுவதுமே கைவிடப்பட்டது.

அவர் தரப்பு வாதத்தையும் நாம் நேர்மையுடன் கேட்க வேண்டும். குறிப்பிட்ட மனிதர்களைச் சுட்டினால் அவதூறு வழக்கு வரலாம் என்றார். கலை பொதுவாகவும் குறிப்பாலும் பேசலாம். நேரடியான சமூக, அரசியல் நோக்கங்களில் அருங்காட்சியகம் ஈடுபடுவதற்கு அதன் கொள்கையில் இடமில்லை என்றார். வழக்குக்கு அஞ்சுவது ஒரு நிர்வாகிக்கு இயல்பே. ஆயினும் பெயர்களை மாற்றிக்கொள்ளக் கலைஞர் இசைந்த பின்னரும் கதவு திறக்கவில்லை. அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுக்கு அவ்வீடுகளோடு தொடர்பு இருந்ததாகச் சான்று எதுவும் வெளிப்படவுமில்லை. அப்படியானால் அச்சம் எதைப் பற்றியது?

அன்பர்களே, இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். ஏழையின் கந்தலை வரைந்த ஓவியத்துக்கு உலகின் எந்த மாளிகையிலும் இடம் உண்டு. அதைக் கண்டு செல்வர் இரக்கம் கொள்வர். இரங்கியதற்காகத் தம்மைத் தாமே பாராட்டியும் கொள்வர். ஆனால் அக்குடிசை எவருக்குச் சொந்தம், வாடகை எவர் கைக்குச் செல்கிறது என்று சுவரில் எழுதினால் மட்டும், அது கலை அன்று என்னும் தீர்ப்பு வந்துவிடுகிறது. துன்பத்தைக் காட்டலாம், துன்பத்தின் கணக்கைக் காட்டலாகாது. தணிக்கையின் எல்லைக்கோடு இதுவே.

அக்கண்காட்சியை அமைத்த எட்வர்ட் ஃபிரை கலைஞரின் பக்கம் நின்றார், பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்கள், இக்கொள்கை மாறும்வரை குகன்ஹைமில் தங்கள் படைப்புகளை வைப்பதில்லை என்று கையொப்பமிட்டனர்.

வேறு வழியே இல்லையா? இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1970-இல், அதே நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஹாக்கே இரண்டு வாக்குப் பெட்டிகளை வைத்தார். குடியரசுத் தலைவர் நிக்சனின் இந்தோசீனக் கொள்கையை ஆளுநர் ராக்ஃபெல்லர் கண்டிக்காதது, அவருக்கு வாக்களிக்காமலிருக்க ஒரு காரணமாகுமா என்பது கேள்வி. ராக்ஃபெல்லர் அந்த அருங்காட்சியகத்துக்கே அறங்காவலர். வாக்களித்தோருள் 25,566 பேர், அதாவது நூற்றுக்கு 68.7 பேர், ஆம் என்றனர். பெட்டிகள் இறுதிவரை அங்கேயே இருந்தன. அதனால் கட்டடம் இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆயினும் 1974-இல் கொலோன் நகரில் பழைய கதையே மீண்டும் நிகழ்ந்தது. ஓவியர் மானே வரைந்த தண்ணீர்விட்டான் தண்டுக் கட்டின் படம் யார் யார் கைமாறி அருங்காட்சியகத்தை அடைந்தது என்று ஹாக்கே பட்டியலிட்டார். அதைப் பெற்றுத் தருவதில் முன்னின்ற வங்கியாளர் ஹெர்மன் ஆப்ஸ், நாஜிக் காலத்தில் வகித்த பதவிகளும் அதில் இருந்தன. அருங்காட்சியகம் அப்படைப்பை ஏற்கவில்லை. டேனியல் பியூரன் என்னும் கலைஞர் தம் படைப்பின்மேல் அதன் படிகளை ஒட்டினார்; அவற்றையும் மறைத்தனர்.

காலம் மாறியது. குகன்ஹைம் மறுத்த அந்த 142 புகைப்படங்களை 2007-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம், பார்சிலோனாவின் அருங்காட்சியகம் ஒன்றுடன் சேர்ந்து விலை கொடுத்து வாங்கியது. உண்மை வென்றது என்று மகிழலாம். ஆனால் 1971-இல் அவ்வீடுகளில் வாடகை செலுத்தி வாழ்ந்தவர்களுக்கு அந்த வெற்றியால் என்ன பயன்? வேண்டிய நாளில் மறைத்து, தீங்கற்றுப்போன நாளில் மாலையிடுவதும் தணிக்கையின் மற்றொரு முகமே.

மாணவச் செல்வங்களே! அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அது மக்களின் கல்விக்கூடம்; அதை விட்டுக் கொடுக்காதீர்கள். ஆனால் இதை வரைந்தவர் யார் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இதை இங்கே வைக்கலாம் என்று முடிவு செய்தவர் யார், வைக்கலாகாது என்று விலக்கப்பட்டது எது என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் துணிவைத் தருவதே கல்வி. இருபத்தைந்து ஆண்டுகளாக அத்துணிவை வளர்த்துவரும் இக்கழகம் மேலும் ஓங்கி வளர்க என வாழ்த்தி அமைகிறேன்.