இரவு வேலைக்குப் போன பிள்ளைகள்

(தொடர் கல்வி மையத்தில் ஆற்றிய பேச்சு)



கறிக்கடையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு மரக்கட்டை, இரண்டு கத்தி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆடு அறுப்பார்கள். விற்று முடிந்ததும் கட்டையையும் தரையையும் கழுவி விடுவார்கள். அரை மணி நேர வேலை.

அமெரிக்காவில் இறைச்சிக்குப் பெரிய பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மாடுகளை அறுக்கும் தொழிற்சாலையும் உண்டு. மாட்டின் தலையைப் பிளக்க ஓர் இயந்திரம். நெஞ்சை அறுக்க ஒரு ரம்பம். முதுகை அறுக்க இன்னொரு ரம்பம். எல்லாம் கரண்டில் ஓடுபவை. வெட்டு வேலை முடிந்த பிறகு, இரவில் கழுவும் வேலை நடக்கும்.

அது லேசான வேலை இல்லை. இரத்தமும் கொழுப்பும் இயந்திரத்தில் ஒட்டிக் கிடக்கும். சுடுதண்ணீரைக் குழாயில் பீய்ச்சி அடிக்க வேண்டும். மருந்து தெளித்துத் தேய்க்க வேண்டும். அந்த மருந்து தோலில் பட்டால் வெந்துவிடும். தரை வழுக்கும். விடிவதற்குள் முடித்தாக வேண்டும். அரசு ஆய்வாளர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மறுநாள் வெட்டு வேலை தொடங்கும்.

இந்த வேலையை 13 வயதுப் பிள்ளைகளும் செய்தார்கள்.

நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம். அங்கே கிராண்ட் ஐலண்ட் என்று ஒரு நகரம். ஜேபிஎஸ் என்ற நிறுவனத்தின் மாட்டிறைச்சித் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. கழுவும் வேலையை அந்த நிறுவனம் நேரடியாகச் செய்யவில்லை. பேக்கர்ஸ் சானிட்டேஷன் சர்வீசஸ் என்ற நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட்டிருந்தது.

அங்கே 14 வயதுப் பிள்ளை ஒன்று வேலை பார்த்தது. 2021 டிசம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை. இரவு 11 மணிக்குப் போகும். விடியற்காலை 5 மணிக்குத் திரும்பும். வாரத்தில் ஐந்து நாள், ஆறு நாள். பிறகு பள்ளிக்கூடம். வகுப்பில் அந்தப் பிள்ளை தூங்கி விழுந்தது. சில நாள் வரவே இல்லை. பள்ளிப் பதிவேட்டில் இது இருக்கிறது. பிறகு வழக்கு வந்தபோது நீதிமன்றத்தில் அரசு இதைச் சொன்னது. 13 வயதுப் பிள்ளை ஒன்றுக்கு மருந்து பட்டு உடம்பு வெந்ததும் அந்த வழக்கில் வெளிவந்தது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. 1938-இலேயே சட்டம் போட்டார்கள். அபாயமான இறைச்சித் தொழிற்சாலை வேலைகளில் 18 வயது நிரம்பாதவரை வைக்கக் கூடாது. 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு இரவு வேலை கூடாது. பள்ளி நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சட்டத்தில் குறை இல்லை.

பிறகு எப்படி நடந்தது? காகிதத்தினால் நடந்தது.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த நாட்டில் பிறந்தவர்கள் இல்லை. குவாத்தமாலா, ஹோண்டுராஸ் போன்ற ஏழை நாடுகளிலிருந்து ஏராளமான பிள்ளைகள் மெக்சிகோ வழியாக எல்லை தாண்டி வருகிறார்கள். தாய் தகப்பன் துணை இல்லாமல் தனியாக வருகிறவர்களும் உண்டு. 2022-ஆம் நிதியாண்டில் மட்டும் அப்படிச் சுமார் 1,30,000 பிள்ளைகள் வந்தார்கள். அரசு அவர்களைச் சிறிது காலம் வைத்திருக்கும். பிறகு உறவினரிடமோ தெரிந்தவரிடமோ ஒப்படைக்கும். எல்லை தாண்ட வைத்த தரகருக்குக் கடன் பாக்கி இருக்கும். ஊரில் அம்மா பணத்துக்குக் காத்திருப்பார். தங்கும் வீட்டிலும் வாடகை கேட்பார்கள். கடன் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேலை கேட்டால் வயதுச் சான்று கேட்பார்கள். வேறு யாரோ ஒரு பெரியவருடைய அடையாளச் சீட்டை வாங்கிக் காட்டுவார்கள். நிறுவனம் அந்தப் பெயரையும் எண்ணையும் கணினியில் போட்டுப் பார்க்கும். அப்படி ஓர் ஆள் உண்மையாகவே இருப்பார். ஆகவே சரி என்று கணினி சொல்லிவிடும்.

கணினிக்குக் கண் இல்லை. ஆனால் மேற்பார்வையாளருக்குக் கண் உண்டு. வாசலில் நிற்கும் காவலாளிக்கும் உண்டு. 13 வயது முகத்தை 30 வயது முகம் என்று யார் நம்புவார்கள்? தொழிற்சாலைக்காரரைக் கேட்டால், "அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்" என்பார். ஒப்பந்தக்காரரைக் கேட்டால், "காகிதம் சரியாக இருந்தது" என்பார். காகிதம் சரியாக இருப்பது இரண்டு பேருக்கும் வசதி. விடிவதற்குள் தொழிற்சாலை சுத்தமாகிவிடும்.

2022 ஆகஸ்டில் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் விசாரணையில் இறங்கினார்கள். இரவு வேலை நடக்கும் நேரத்திலேயே தொழிற்சாலைகளுக்குள் போனார்கள். பிள்ளைகள் பேசும் ஸ்பானிய மொழியிலேயே விசாரித்தார்கள். பள்ளிப் பதிவேடுகளையும் பார்த்தார்கள். காகிதத்தில் மறைந்திருந்த வயது பள்ளிக்கூடத்தில் வெளிப்பட்டது.

முதலில் 31 பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். தேடத் தேடக் கணக்கு ஏறியது. 2023 பிப்ரவரியில் முழுக் கணக்கையும் அரசு வெளியிட்டது. 8 மாநிலங்கள். 13 தொழிற்சாலைகள். 13 முதல் 17 வயது வரை உள்ள 102 பிள்ளைகள். அவர்களில் குறைந்தது மூன்று பேருக்கு வேலையில் காயம். 18 வயதுக்குக் கீழே யாரையும் வைப்பதில்லை என்பதுதான் தன் விதி என்று அந்த நிறுவனம் சொன்னது. அபராதத்தையும் கட்டியது. ஒரு பிள்ளைக்கு 15,138 டாலர். அப்போது சட்டத்தில் இருந்த உச்ச அபராதமே அவ்வளவுதான். மொத்தம் 15 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 12 கோடி ரூபாய்.

அந்தப் பணம் யாருக்குப் போனது? அரசுக் கருவூலத்துக்கு. வெந்துபோன உடம்புக்கு அதில் ஒரு காசும் இல்லை. பிள்ளைகளுக்கு வேலையும் போனது. வேலை போக வேண்டியதுதான். ஆனால் கடன் போகவில்லையே! பிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும். பிள்ளை இன்னொரு காகிதத்தோடு இன்னொரு வாசலில் போய் நிற்கும்.

அதே 2023 ஜூலையில் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பையன் செத்துப்போனான். 16 வயது. குவாத்தமாலாவிலிருந்து வந்தவன். கோழி இறைச்சித் தொழிற்சாலையில் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். இயந்திரத்தைக் கழுவும்போது கரண்டை நிறுத்தினால் மட்டும் போதாது. அந்த விசைக்குப் பூட்டுப் போட வேண்டும். சாவி கழுவுகிறவர் கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் வேறு யாரும் தெரியாமல் ஓட்டிவிட முடியாது. அங்கே அப்படிச் செய்யவில்லை. இயந்திரம் அவனை உள்ளே இழுத்துவிட்டது. அவன் காட்டியிருந்த காகிதத்தில் வயது 32 என்று இருந்ததாக அந்த நிறுவனம் சொன்னது.

இத்தனை நடந்த பிறகு சட்டம் இறுகியிருக்கும் என்று நினைப்போம். சில இடங்களில் தளர்ந்தது. அந்த 8 மாநிலங்களில் அர்க்கன்சாவும் ஒன்று. 14, 15 வயதுப் பிள்ளையை எந்த வேலைக்கு வைத்தாலும் அங்கே முன்பு மாநில அரசிடம் வயதுச் சான்று பெற வேண்டும். 2023 மார்ச்சில் அந்தச் சான்றே வேண்டாம் என்று புதுச் சட்டம் போட்டார்கள். 102 பிள்ளைகளின் கணக்கு வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஒரு நல்ல மாற்றமும் வந்தது. ஒப்பந்தக்காரரை மட்டும் பிடித்தால் போதாது, தொழிற்சாலை முதலாளியும் பதில் சொல்ல வேண்டும் என்று அரசு கேட்கத் தொடங்கியது. 2025 ஜனவரியில் ஜேபிஎஸ் நிறுவனம் 40 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பெர்டியூ என்ற கோழி இறைச்சி நிறுவனமும் 40 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பெர்டியூவின் வர்ஜீனியா தொழிற்சாலையில்தான், 2022-இல், இரவில் கழுவ வந்த 14 வயதுப் பையனின் கை இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்தது. இந்த முறை பணம் கருவூலத்தோடு நிற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ அது பேசப்பட்டது.

இது கடல் தாண்டிய கதை என்று விட்டுவிட வேண்டாம். ஒப்பந்தக்காரர், முன்பணம், வெளியூர்ப் பிள்ளை, கேட்டால் ஒரு காகிதம். இவை நமக்குத் தெரியாதவையா? நம் நாட்டிலும் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் அதைத் திருத்தினார்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவரை அபாயமான வேலைக்கு வைக்கக் கூடாது. மீறினால் முதலாளிக்குச் சிறைத் தண்டனை உண்டு.

உங்களில் பலர் வேலை தேடி வெளியூர் போகிறவர்கள். போகிற இடத்தில் முந்திரி உடைப்பார்கள். இறால் உரிப்பார்கள். மசாலா அரைப்பார்கள். அங்கே பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பிள்ளை நின்றால், அதன் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இருக்கட்டும். முகத்தைப் பாருங்கள். கையைப் பாருங்கள்.

பிறகு 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவிலும் எடுப்பார்கள். காசு கிடையாது. இந்த எண்ணை இப்போதே பலகையில் ஒருவர் எழுதுங்கள். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.